நாள் தள்ளிப்போவதற்கு மூன்று மாதம் முன்னால்

தமிழ்நாட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து நடக்கவேண்டிய காரியங்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கின்றன. கிராம சுகாதார செவிலியர் பெயரைப் பதிந்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கித் தருகிறார். ரத்தம், சிறுநீர், எடை, பிரஷர் எல்லாம் பார்க்கிறார்கள். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துகொண்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் வழி பிறக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) மாநிலத்தின் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2018–20 கணக்கில், ஒரு லட்சம் பிறப்புக்கு நாடு முழுவதும் 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே அந்த எண் 54. அரசு ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆனால் இத்தனை ஏற்பாடும் தொடங்குவது கர்ப்பம் உறுதியான பிறகுதான். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துவிட்டால் ‘சீக்கிரமே வந்துவிட்டீர்கள்’ என்று பாராட்டும் கிடைக்கும். பிரசவத்தைப் பத்திரமாக நடத்த அது போதுமான அவகாசம். குழந்தையின் உறுப்புகள் சரியாக உருவாவதற்குச் செய்யவேண்டிய சில காரியங்களுக்கோ அது பிந்திய நேரம். அவற்றுக்கான நேரம் கருத்தரிப்பதற்கு முன்னால், குறைந்தது மூன்று மாதம் முன்னால் இருக்கிறது.

நாட்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். மாதவிலக்கு இருபத்தெட்டு நாளுக்கொருமுறை தவறாமல் வருகிற ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். விலக்கான முதல் நாளை ஒன்று என்று வைத்தால், முட்டை வெளிவருவது ஏறத்தாழ பதினான்காம் நாள். கரு உண்டாவதும் அதையொட்டித்தான். இருபத்தெட்டு தாண்டியதும் நாள் தள்ளுகிறது. அலைச்சலாக இருக்கும், இரண்டு நாள் பார்ப்போம் என்று நினைக்கிறாள். ஒரு வாரம் போன பிறகு மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கிக் காலையில் முதல் சிறுநீரில் பார்க்கிறாள். இரண்டு கோடு விழுகிறது. கணவனிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து, அடுத்த வாரம் டாக்டரிடம் போகிறாள். இப்போது நாற்பத்திரண்டாம் நாள். கரு உண்டாகி இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது. பிற்பாடு மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழாய் மூடிக்கொள்வது இந்த இருபத்தெட்டாம் நாளுக்குள்தான். அவள் டோக்கன் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், அல்லது மூடாமல் போயிருக்கும். இதயம் துடிக்க ஆரம்பித்தே ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று எழுதித் தரும் மாத்திரை வேறு பல வகையில் உதவும். நடந்து முடிந்ததைத் திருத்தாது. இந்தப் பெண் எங்கும் அசட்டையாக இருந்துவிடவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். சொன்னதையெல்லாம் சொன்ன நேரத்தில் செய்தவள்தான். சொல்லப்பட்ட நேரமே பிந்தியது.

அந்த மாத்திரை ஃபோலிக் அமிலம். கருத்தரிக்கும் முன் கவனிப்பது என்ற பேச்சுக்கு இருக்கும் ஆதாரங்களில் மிக உறுதியானது இதுதான். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில் 33 மையங்களில் நடத்திய சோதனையின் முடிவு 1991இல் வெளியானது. நரம்புக்குழாய்க் குறையோடு ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பெற்ற பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களில் 6 பேருக்கும், எடுத்துக்கொள்ளாதவர்களில் 21 பேருக்கும் குறை திரும்ப வந்தது. ஆபத்து 72 சதவீதம் குறைந்திருந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் பாதிப் பேருக்கு மாத்திரை கொடுக்காமல் சோதனையைத் தொடர்வது நியாயமில்லை என்று முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஹங்கேரியிலிருந்து வந்த ஆய்வு, முன்பு அப்படிக் குழந்தை பெறாதவர்களுக்கும் கருத்தரிக்கும் முன் தொடங்கிய ஃபோலிக் அமிலம் பாதுகாப்புத் தருவதைக் காட்டியது. 4 மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கான 400 மைக்ரோகிராமே போதுமா என்ற கேள்வி மிச்சமிருந்தது. 1990களில் சீனாவில் மிகப் பெரிய அளவில் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இக்குறை அதிகமாக இருந்த வடபகுதியில் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. தென்பகுதியில் இவ்வளவு குறையவில்லை; ஆனாலும் குறைந்தது.

நம் ஊர் நிலவரத்துக்கு வந்தால், அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டமே கருத்தரிக்க விரும்புகிற பெண்கள் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கவேண்டும் என்கிறது. ஏட்டில் இருக்கிற இந்த வரி வீடுகளுக்கு வந்து சேரவில்லை. மருந்துக்கடையில் ஃபோலிக் மாத்திரை என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் 5 மில்லிகிராம் அட்டை, அதாவது தேவையைப்போல் பன்னிரண்டு மடங்கு. முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தை பெற்றவர்கள், சிலவகை வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோயுள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் அந்த அளவை எழுதுவதுண்டு. மற்றவர்களுக்கு அதனால் கூடுதல் பலன் என்று நிரூபணமில்லை. வைட்டமின் பி12 குறைவாக உள்ளவர்களிடம் அதிக ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்துவிட்டு, நரம்பில் ஏற்படும் பாதிப்பை மறைத்துவிடவும் கூடும். சைவச் சாப்பாட்டுக்காரர்களிடம் பி12 குறைவது சகஜம் என்பதால் அவர்கள் அதையும் பார்த்துக்கொள்வது நல்லது. செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் சேர்ந்திருக்கின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் மாத்திரைக்கு அது பதிலாகாது. முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் அப்படித்தான்: தவறாமல் சாப்பிடுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

மாத்திரை மட்டும்தான் விஷயம் என்றால் பரிசோதனையே வேண்டாம், தெருவுக்குத் தெரு பலகை வைத்துச் சொல்லிவிடலாம். பரிசோதனை தேவைப்படுவது, ஒவ்வொருத்தி உடம்பிலும் வேறு வேறாக இருப்பதைக் கண்டுபிடிக்க. இவற்றில் முதலில் பார்க்கவேண்டியது சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்கு நீரிழிவு. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையில் இருக்கிறார்கள். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரை பார்ப்பதில் இந்த மாநிலம் முன்னோடி. சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்களின் முயற்சியால் 2007இலேயே அது அரசாணையானது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்து ரத்தம் கொடுத்தது நம் வீடுகளில் பலருக்கு நினைவிருக்கும். கர்ப்பகாலத்தில் புதிதாகத் தலைதூக்குகிற சர்க்கரைக்கு அது சரி. ஆனால் கருத்தரிக்கும்போதே ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தால், இதயமும் தண்டுவடமும் உருவாகும் அந்த முதல் வாரங்களிலேயே பாதிப்பு நடந்துவிடும். அது தெரியாமலே இருக்கிறவர்கள் இருபத்தைந்து முப்பது வயதுக்காரர்களிலும் உண்டு. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனை இதற்கு ஏற்றது. சர்க்கரை நோயுள்ள பெண்ணுக்குக் கருத்தரிக்கும் முன் அது 6.5 சதவீதத்துக்குக் கீழே வருவது இலக்கு. 10க்கு மேல் இருந்தால் இறங்கும்வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். மூன்று மாதச் சராசரியை இறக்க மூன்று மாதமாவது வேண்டும் என்பதால்தான் இந்த அத்தியாயத்தின் கெடுவும் மூன்று மாதம்.

அடுத்தது ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்துகள். இங்கே இரண்டு பக்கமும் பள்ளம். வலிப்புக்கான வால்ப்ரோயேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பெரிய பிறவிக் குறை; பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியில், கற்றலில் சிக்கல். இதைக் கேள்விப்பட்டு நாள் தள்ளிய அன்றே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. கடும் வலிப்பு வந்து தாயும் கருவும் சேர்ந்து ஆபத்தில் விழுவது அப்போதுதான். வேறு மாத்திரைக்கு மெதுவாக மாறுவதற்கு நரம்பியல் மருத்துவருக்குப் பல வாரங்கள் தேவை. அந்த அவகாசம் முன்கூட்டியே போனால்தான் கிடைக்கும். பிரஷருக்கு நம் ஊரில் சாதாரணமாக எழுதப்படும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் கர்ப்பத்துக்கு ஆகாதவை, மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. முகப்பருவுக்குச் சிலர் சீட்டில்லாமலே வாங்கி விழுங்கும் ஐசோட்ரெட்டினோயின் கருவைக் கடுமையாகச் சிதைக்கக்கூடியது. அதை நிறுத்தி ஒரு மாதமாவது ஆகவேண்டும். மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் இன்னும் முன்பே நிற்கவேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லித்தான். தைராய்டு மாத்திரையோ நேர் எதிர்: நிறுத்தவே கூடாது. முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு சுரப்பு கிடையாது. தாயுடையதுதான் இரண்டு பேருக்கும். தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் 2.5க்குக் கீழே இருக்கும்படி அளவைச் சரிசெய்துவிட்டு முயல்வது நல்லது. நாள் தள்ளியதும் வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்க்கும்படி முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாட்டு மருந்தும் மருந்துதான். பற்பம், செந்தூரம் என்ற பெயரில் வருகிறவற்றில் உலோகங்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைக்கவேண்டாம். மாத்திரை அட்டைகள், பொடி டப்பாக்கள், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மேசைமேல் கொட்டுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் அட்டை சொல்லும்.

தடுப்பூசியில் கவனம் வேண்டியது ரூபெல்லா. கண்புரையோடு பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் இந்த அம்மை வந்திருந்ததை 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கவனித்தார். தாய்க்கு இரண்டு நாள் லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான் தெரியும். முதல் மூன்று மாதத்துக்குள் அது வந்தால் பத்தில் எட்டு ஒன்பது கருக்கள் பாதிக்கப்படலாம்: கண், காது, இதயம். தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி இயக்கம் 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு நடந்தது. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: 2002க்கு முன் பிறந்த பெண்கள் அந்த இயக்கத்துக்கு வெளியே. இன்று முதல் குழந்தைக்குத் தயாராகிறவர்களில் நிறையப் பேர் அவர்கள்தான். தனியாரிடம் எம்எம்ஆர் போட்டதற்கு அட்டை இருந்தால் சரி. இல்லையென்றால் எதிர்ப்பு இருக்கிறதா என்று காட்டும் ரூபெல்லா ஐஜிஜி பார்க்கலாம், அல்லது நேரே ஊசி போட்டுக்கொள்ளலாம். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி என்பதால் கர்ப்பத்தில் போட முடியாது. போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கவேண்டும். சின்னம்மை ஊசிக்கும் இதே கதை. கர்ப்பமான பிறகு இந்த ஊசி போட்டிருக்கவில்லை என்று கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை, கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதைத் தவிர.

ரத்த எண்ணிக்கைத் தாளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பாலோர் அதில் ஹீமோகுளோபின் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ரத்தசோகையில் இருப்பதாக அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. உதாரணத்துக்கு ஒரு தாளில் ஹீமோகுளோபின் 10.4 என்று இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு வரி கீழே எம்சிவி என்ற இடத்தில் 64 என்றும், ஆர்பிசி எண்ணிக்கை 5.4 என்றும் இருக்கிறது. எம்சிவி என்பது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80க்குக் கீழே போனால் அணு சிறுத்திருக்கிறது. இரும்பு குறைந்தாலும் சிறுக்கும்; ஆனால் அப்போது அணுக்களின் எண்ணிக்கையும் குறையும். இங்கே எண்ணிக்கை தாராளமாக இருக்கிறது. 64ஐ 5.4ஆல் வகுத்தால் 12க்குச் சற்றுக் குறைவு. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கடத்துநராக இருக்கலாம் என்று சந்தேகிக்கவேண்டும். இது முடிவல்ல, சந்தேகம் மட்டும். ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவைப் பார்த்துத்தான் உறுதிசெய்வார்கள். கடத்துநருக்கு நோய் எதுவுமில்லை, வாழ்நாள் முழுக்க நன்றாகவே இருப்பார். கணவனும் கடத்துநர் என்றால்தான் விஷயம் பெரிதாகிறது: ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, மாதாமாதம் ரத்தம் ஏற்றிப் பிழைக்கவேண்டிய குழந்தை பிறக்க. அரிவாளணு நோய்க்கும் இதே கணக்கு. இந்தியாவில் அதை 1952இல் முதலில் பதிவுசெய்தது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இருளர், பணியர், குறும்பர் குடும்பங்களுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் என்றே சொல்வேன். முன்பே தெரிந்தால் மரபணு ஆலோசனை பெறலாம். கருவின் ஆரம்ப வாரங்களிலேயே பரிசோதிப்பதற்கு ஏற்பாடு செய்யலாம். எந்த முடிவும் எடுக்காமல் தெரிந்து வைத்துக்கொள்ளவும் செய்யலாம். ‘தெரிந்து என்ன ஆகப்போகிறது, மனக்கஷ்டம்தானே’ என்று கேட்பவர்கள், தெரியாமல் இருந்து ஒரு வயதுக் குழந்தைக்கு முதல் பாட்டில் ரத்தம் ஏறும்போது தெரிந்துகொள்வது எந்த வகையில் குறைந்த கஷ்டம் என்று சொல்லவேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றிப் பேசாமல் இந்த அத்தியாயம் முடியாது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல், ஏறத்தாழ 28 சதவீதம், ரத்த உறவில் மணந்தவர்கள். இதைப் பற்றி இரண்டு விதமான மிகைப்பேச்சு உண்டு. சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்பது ஒன்று. தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பது மற்றது. பிரிட்டனில் பிராட்ஃபோர்டு நகரக் குழந்தைகளை வைத்து நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு தெளிவாகச் சொன்னது: பொதுவாக 3 சதவீதமாக இருக்கும் பிறவிக் குறை வாய்ப்பு, பெற்றோர் உடன்பிறந்தார் பிள்ளைகளாக இருந்தால் 6 சதவீதமாகிறது. இரட்டிப்பு என்பது உண்மை. நூற்றில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் நன்றாகப் பிறக்கின்றன என்பதும் உண்மை. தாய்மாமனைக் கட்டியிருந்தால் உறவு இன்னும் ஒரு படி நெருக்கம், ஆபத்தும் அதற்கேற்பக் கூடும். கல்யாணம் முடிந்துவிட்ட தம்பதியிடம் ஏன் கட்டினீர்கள் என்று கேட்டு ஆவதொன்றுமில்லை. இரு வீட்டிலும் காது கேளாத பிள்ளை, காரணம் தெரியாமல் இறந்த கைக்குழந்தை, அடிக்கடி ரத்தம் ஏற்றிய பிள்ளை யாராவது உண்டா என்று பாட்டியிடமும் அத்தையிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போனால், எந்தப் பரிசோதனை தேவை என்று மருத்துவர் சொல்வார். இரு வீடும் ஒரே வீடாக இருப்பதில் ஒரு சௌகரியம், விசாரிக்க அதிக தூரம் போகவேண்டாம்.

‘எங்கள் பாட்டி எட்டுப் பெற்றாள், எந்த செக்கப்புக்குப் போனாள்?’ என்ற கேள்விக்கு வருவோம். எட்டுப் பெற்றதில் எத்தனை தங்கின என்பதுதான் பதில். 1971இல்கூட இந்தியாவில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. எஞ்சியவர்களை மட்டும் எண்ணிப் பாட்டி காலத்துக்கு மதிப்பெண் போடுவது கணக்கில் பிழை. மேலும் பாட்டி முதல் பிள்ளையைப் பதினெட்டு வயதில் பெற்றாள், பேத்தி முப்பதில் பெறப்போகிறாள். பாட்டிக்கு அந்த வயதில் சர்க்கரை இல்லை, பிரஷர் மாத்திரை இல்லை, உட்கார்ந்த இடத்து வேலை இல்லை. ‘எனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே’ என்பதற்கும் ஏறக்குறைய இதே விடைதான். மேலே சொன்ன ரூபெல்லா எதிர்ப்பின்மை, கடத்துநர் நிலை, ஆரம்பச் சர்க்கரை, லேசான தைராய்டு குறைவு, எல்லாமே எந்த உபாதையும் காட்டாதவை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை மருத்துவர்களே எழுப்புகிறார்கள். ஃபோலிக் அமிலம், சர்க்கரைக் கட்டுப்பாடு, ரூபெல்லா ஊசி என்று தனித்தனியாகப் பார்த்தால் ஆதாரம் வலுவாக இருக்கிறது; ‘கருத்தரிக்கும் முன் முழு செக்கப்’ என்று மொத்தமாகச் செய்தால் பிறக்கும் குழந்தைகள் மேம்படுகின்றன என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. இந்த ஆட்சேபம் சரியானது. பலன் வருவது சில குறிப்பிட்ட கேள்விகளுக்கு விடை தெரிந்து அதன்படி நடப்பதால்தான். பட்டியல் நீளுவதால் பலன் கூடுவதில்லை. தனியார் லேப்கள் தள்ளுபடி விலையில் விற்கும் கருத்தரிப்புப் பேக்கேஜ்களைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்வதும் இதனால்தான். அவற்றில் தவறாமல் இடம்பெறும் ஏஎம்ஹெச், சினைப்பையில் மிச்சமிருக்கும் முட்டைகளை உத்தேசமாகக் காட்டும். அது குறைவாக வந்ததும் ‘இனி நேரமில்லை’ என்று பெண்களை நடுங்க வைக்கிறார்கள். குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத, 30 முதல் 44 வயதுள்ள பெண்களிடம் அமெரிக்காவில் செய்து 2017இல் வெளியான ஆய்வில், ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே இயல்பாகக் கருத்தரித்தார்கள். சோதனைக்குழாய் சிகிச்சைக்கு முன் பார்க்க வேண்டிய எண்ணை, சும்மா இருக்கிறவளுக்குப் பார்ப்பதில் லாபம் லேப்காரருக்கு. டார்ச் என்ற தொற்றுப் பரிசோதனைத் தொகுப்பும் அப்படியே. அதில் ரூபெல்லா ஒன்றைத் தவிர மற்றவை, நலமாக இருக்கும் பெண்ணுக்கு வழக்கமாகப் பார்க்கவேண்டியவை அல்ல. பார்க்கவேண்டியவை இவ்வளவுதான்: பிரஷர், எடை, முழு ரத்த எண்ணிக்கை, ஆர்ஹெச்சோடு ரத்த வகை, சர்க்கரை, டிஎஸ்ஹெச், சிறுநீர், ஹெச்ஐவி, சிபிலிஸுக்கான விடிஆர்எல், மஞ்சள் காமாலை பி, ரூபெல்லா, தேவைப்பட்டால் ஹெச்பிஏ2. இதய ஒலியில் முணுமுணுப்பு கேட்டால் எக்கோ. வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டது கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில்தான் தெரியவரும் பெண்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இதற்கு மேல் போனால் ஏன் என்று கேளுங்கள்.

செலவு ஒரு தடையாக இருக்கவேண்டியதில்லை. ஹீமோகுளோபின், சர்க்கரை, பிரஷர், ஹெச்ஐவி போன்றவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். உண்மையான தடை பேச்சு. கல்யாணமாகி நான்கு மாதத்தில் மகப்பேறு டாக்டரின் வாசலில் உட்கார்ந்திருந்தால், ‘என்ன, தங்கவில்லையா?’ என்று கேட்க ஒருவர் வந்துவிடுவார். இதற்குத் தனிமனிதர் செய்யக்கூடியது குறைவு, அரசு செய்யலாம். இலங்கையில் குடும்ப நல உத்தியோகத்தர் தன் பகுதியில் புதிதாக மணமானவர்களைப் பதிந்து, கர்ப்பத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு இருவரையும் அழைக்கிறார். ரூபெல்லா ஊசியும் ஃபோலிக் அமிலமும் அதில் அடக்கம். சீனா 2010இல் தம்பதிகளுக்கு இலவசமாக இதைத் தொடங்கியது. எல்லாரும் போகிற இடத்துக்குப் போனால் யாரும் கேட்பதில்லை. இங்கே கிராம சுகாதார செவிலியரிடம் திருமணமான பெண்களின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இந்தக் கட்டம் ஒன்றைச் சேர்ப்பது முத்துலட்சுமி ரெட்டி உதவியைவிட மலிவாகத்தான் முடியும். அதுவரை, பொது மருத்துவரிடம் வருடாந்தரப் பரிசோதனை என்று போனால் போதும், முக்கால்வாசி அங்கேயே ஆகிவிடும். திட்டமிடாமல் உண்டாகும் கர்ப்பங்கள் நிறைய இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: அதனால்தான், கருத்தடை இல்லாமல் சேர்ந்து வாழ ஆரம்பித்த அன்றே ஃபோலிக் மாத்திரையையும் ஆரம்பிப்பது நல்லது.

கணவனுக்கும் இதே கெடுதான். விந்தணு ஒன்று உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள் ஆகும், அது முதிர்ந்து வெளிவர இன்னும் சில நாள். இன்று விட்ட சிகரெட்டின் பலனை மூன்று மாதம் கழித்து வரும் விந்தணுதான் காட்டும். குடி, அதிக எடை, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் அதே கணக்கில். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்மையைக் கூட்டும் என்று நம்புகிறவர்கள், அது விதையின் வேலையை நிறுத்தி விந்தணுவைப் பூஜ்யத்துக்கே கொண்டுபோகக்கூடும் என்பதை ஊசி போடுகிறவரிடம் கேட்பதில்லை. ரத்த வகை, மஞ்சள் காமாலை பி, ஹெச்ஐவி, விடிஆர்எல், மனைவி கடத்துநர் என்றால் ஹெச்பிஏ2 இவையே அவருக்குப் போதும். விந்தணுப் பரிசோதனை ஆரம்பத்திலேயே தேவையில்லை. மனைவிக்கு 35க்குக் கீழே என்றால் ஒரு வருடம், மேலே என்றால் ஆறு மாதம் முயன்றும் உண்டாகாதபோது முதலில் செய்யவேண்டியது அதுதான், மனைவிக்கு ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பதற்கு முன்.

எல்லாத் தாள்களையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். ஆறு மாதத்துக்குள் உண்டாகிவிட்டால் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பார்க்க வேண்டியிராது. ரத்த வகையும் ரூபெல்லாவும் எப்போதும் மாறாது, ஹீமோகுளோபினும் சர்க்கரையும் திரும்பப் பார்ப்பார்கள். மனைவியின் ரத்தம் ஆர்ஹெச் நெகடிவ் என்றால் கோப்பின் மேலட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். கரு கலைந்தாலும் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவை என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். பிக்மி பதிவுக்குப் போகும் அன்று அந்தக் கோப்பைச் செவிலியரிடம் காட்டினால், பழைய எண்களைப் புதிய அட்டையில் ஏற்றிக்கொள்வார்.